சனிக்கிழமை எண்ணெய்

அப்பாவின் கண்ணில் புரை விழுந்த வருஷம், கிராம முன்சீப் வேலையை அண்ணனுக்கு மாற்றிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. வேலை கைமாறினால் பழைய காகிதங்களும் கைமாற வேண்டும். அதற்கு முன் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று ஒரு ஜாபிதா எழுதித் தாலுகா ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அண்ணனுடைய எழுத்து கோணல். அப்பாவுக்கோ பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எழுத்து தெரியவில்லை. நான் அப்போதுதான் சென்னையில் இரண்டு வருஷப் படிப்பை முடித்து, மருந்து கலக்கும் பரீட்சையும் பிரசவம் பார்க்கும் பரீட்சையும் தேறி வந்திருந்தேன். திருநெல்வேலியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர உத்தரவை எதிர்பார்த்து வீட்டில் இருந்தேன்.

“சும்மாதான இருக்கா? இவ எழுதட்டும்,” என்றார் அப்பா.

“பொம்பளை எழுத்துன்னு தாசில்தார் கண்டுபிடிச்சுட்டார்னா?” என்றான் அண்ணன்.

“எழுத்துல என்னலே ஆம்பிளை பொம்பளை? உன் எழுத்தப் பாத்தா கோழி எழுதினதான்னு கேப்பாரு.”

எங்கள் வீடு சீவலப்பேரிக்கு மேற்கே, ஆற்றின் கரையில் இருந்தது. பதினான்கு வயதில் எனக்குத் தாலி இறங்கியது. என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியதை ஊரில் எல்லாரும் அப்பாவின் பெருந்தன்மை என்றார்கள். அப்பாவும் அப்படியே நம்பினார். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வந்துவிடக்கூடாத ஒருத்தி வீட்டில் குறைந்தாள் என்பது என் கணக்கு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஜாபிதா எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. மருந்துப் படிப்பே ஒரு ஜாபிதாதான். எந்தப் புட்டியில் எது, எந்த அலமாரியில் எந்தப் புட்டி, எது எதனோடு சேரக்கூடாது. எழுதி ஒட்டாத புட்டியில் உள்ளது மருந்து இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் அப்பாவின் காகிதப் பெட்டியைத் திறந்தேன்.

முதல் இரண்டு நாள் வரிக் காகிதங்களும் வாய்க்கால் தகராறுகளும் வந்தன. மூன்றாம் நாள் ஒரு சிவப்புத் துணிக்கட்டு வந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ‘அகால மரணங்கள்’ என்றிருந்தது.

ஊர் எல்லைக்குள் யாராவது நோயில்லாமல் செத்தால் கிராம முன்சீப் ஐந்து பேரைப் பஞ்சாயத்தாராக உட்கார வைத்து, பிணத்தைப் பார்த்து, எப்படிச் செத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி மேலே அனுப்ப வேண்டும். ஒரு நகல் ஊரில் இருக்கும். அந்த நகல்கள்தான் அவை. அப்பாவின் உத்தியோக காலம் முழுவதும் அந்தக் கட்டில் இருந்தது. ஒரே ஒரு காகிதத்தில்கூடக் கொலை என்ற வார்த்தை இல்லை. எங்கள் ஊர் அவ்வளவு நல்ல ஊர்.

உதாரணத்துக்குச் சிலவற்றை எழுதுகிறேன். புளியமரத்தில் தூக்கிட்டு இறந்தவர் ஒருவர், முழங்கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன என்று அதே காகிதம் சொல்கிறது, காரணம், மனவெறுப்பு. திருச்செந்தூருக்கு நடந்துபோன ஊர்பேர் தெரியாத ஒருவர், சாலையோரத்து வயலில் கிடந்தார், கழுத்தைச் சுற்றி விரல் கனத்துக்கு ஒரு தடம், காரணம், வெயில். தண்ணீர் பாய்ச்சுகிற ஒருவர், நடு மடையில் மண்டை பிளந்து கிடந்தார்; காரணம், பேய் அடித்தது. ஐந்து பெரிய மனிதர்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியபோது அப்பா சிரித்தார்.

“அது ரெண்டு பெரிய வீட்டுக்கும் நடுவுல உள்ள மடை. வேற என்னத்த எழுதச் சொல்லுத? பேய்னா யாருக்கும் வருத்தம் இல்ல.”

“யார்னு தெரிஞ்சும் எழுதலையா?”

“தெரிஞ்சது வேற, எழுதுதது வேற. பேய்க்குச் சம்மன் அனுப்ப முடியாதுல்லா, அத்தோட முடிஞ்சு.”

அப்பா கெட்டவர் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை, கை நீட்டி எதையும் வாங்கியதில்லை. அவர் செய்ததெல்லாம் எழுதியதுதான்.

பெண்களின் சாவு நான்கு இருந்தது. நான்கிலும் ஒரே வாசகம். ‘எண்ணெய் தேய்த்து ஸ்நானம் செய்யப் போனவிடத்தில் படித்துறையில் கால் வழுக்கி ஜலத்தில் விழுந்து மரணமடைந்ததாக அபிப்பிராயப்படுகிறோம்.’ ஒரு காகிதத்தைப் பார்த்து அடுத்ததை எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு மருந்துச் சீட்டையே எல்லா நோயாளிக்கும் எழுதுவதுபோல.

ஜாபிதாவில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போட்டேன். செத்தவர் யார், மாதம், கிழமை, சாட்சி. முதல் காகிதத்தில் செவ்வாய்க்கிழமை. சாட்சி, செத்தவளின் மாமியார். இரண்டாவதில் வெள்ளி. சாட்சி, ஓரகத்தி. மூன்றாவதிலும் வெள்ளி. சாட்சி, பக்கத்து வீட்டுப் பெண்.

நான்காவதில் செத்தவள் என் மதினி. அண்ணன் மனைவி. கிழமை, சனி. சாட்சி, இல்லை.

சனி என்று எழுதிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தேன். பத்து வரி தள்ளிப் போன பிறகுதான் கை நின்றது.

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு எண்ணெய் செவ்வாயும் வெள்ளியும். ஆண்களுக்குப் புதனும் சனியும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சோற்றுக் கை எது என்பதுபோல அது உடம்பில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்க ஆண்களுடையது. அப்பாவும் அண்ணனும் கோவணத்தோடு எண்ணெய் வழிய உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் சீயக்காய் அரைத்து வைத்துவிட்டு அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டார்கள். அன்றைக்குப் போய் ஒரு சுமங்கலி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாளா? புருஷனுக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். எனக்கு அந்தப் பயம் பதினான்கு வயதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு எண்ணெய்க் கிழமையும் கிடையாது. கிழமை இல்லாத நான்தான் அந்தக் கிழமையைப் பார்த்தேன்.

முதல் மூன்று சாவிலும் ஏதோ ஒரு பெண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சொன்னது மெய்யோ பொய்யோ, கிழமை சரியாக இருந்தது. நான்காவதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அன்று காலையில் அவர்கள் தலையில் எண்ணெய் இருந்தது. அதனால் அவள் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டார்கள்.

காகிதத்தை மறுபடி முழுவதும் படித்தேன். பின்தலையில் இரண்டு விரல் அகலத்துக்குக் காயம். கூந்தல் பின்னி முடியப்பட்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவள் பின்னலை அவிழ்க்காமலா போவாள்? மதினி மேற்கே ஆற்றங்கரை ஊர்க்காரி. குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நீந்திப் போய் வருவாள் என்று நானே பார்த்திருக்கிறேன். இதை எல்லாம் எழுதியவர் அவளுடைய மாமனார். உறவு என்று விலகியிருக்க வேண்டியவர். விலகவில்லை. ஏன் என்று மேலே யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் காகிதத்தோடு நூல் போட்டுக் கோத்து ஒரு தபால் கார்டு இருந்தது. திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து.

மதினி சாவதற்கு முந்தின மாதம் எனக்குச் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். பெரிய கடிதம் இல்லை. நீ படிக்கிற இடத்தில் புருஷன் உயிரோடு இருக்கிறவளையும் சேர்ப்பார்களா என்று கேட்டிருந்தாள். ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலை வரிசையாக எழுதினேன். ஒன்று, பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு, தமிழ் பிழையில்லாமல் எழுதப் படிக்க வேண்டும். மூன்று, புருஷன் இருந்தால் அவன் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம். நான்கு, ஊர் முன்சீப்பிடம் நன்னடத்தைச் சீட்டு. மூன்றுக்கும் நான்குக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவள் சோறு போடுகிற ஆட்கள்தான் என்பது எழுதும்போது என் மனசில் படவில்லை. நான்கு வரிக்குக் கார்டு போதும் என்று கார்டில் எழுதினேன். உறையில் போட்டிருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வருகிற தபாலெல்லாம் அப்பா கைக்குத்தான் முதலில் வரும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

அப்பா எதையும் கிழித்துப் போடாதவர். எதை எதோடு சேர்த்துக் கோக்க வேண்டும் என்று தெரிந்தவர். அந்தக் குணம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. என் கார்டை மதினியின் மரணக் காகிதத்தோடு அவர் கோத்திருந்தார். பிறகு கண் மங்கி, கோத்ததை மறந்து, பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்.

மதினி செத்தது ஐப்பசியில், கந்த சஷ்டி முடிகிற சமயம். அம்மாவும் ஊரில் பாதிப் பெண்களும் திருச்செந்தூரில் இருந்தார்கள். ஆண்களுக்குச் சோறு பொங்க மதினியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

“மதினி செத்தது என்ன கிழமம்மா?”

“அது எதுக்கு இப்ப?”

“சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போனான்னு எழுதிருக்கு.”

அம்மா முறத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. விரல் மட்டும் நின்றது.

“எழுதிருக்கா?” என்றாள். மறுபடி கல்லைப் பொறுக்கிக்கொண்டே, “நான் வந்து பாக்கும்போ பொம்பளையாள் எண்ணெய்ச் செம்பு பரணுல இருந்துது. ஊருக்குப் போகும்போ நான் துணி கட்டி வச்சேம்லா, அந்தக் கட்டு அப்படியே இருந்துது,” என்றாள்.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? செம்பு இருந்துதுன்னு தெரியும். சும்ம கெட. பங்குனி முடிஞ்சா கல்யாண வேலை.”

இதுதான் விஷயம். மதினி செத்த ஆறாம் மாதத்தில் அண்ணனுக்குக் களக்காட்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினேழு வயது. செத்தவளுக்கு இனி நான் செய்ய ஒன்றுமில்லை. அவளைத் தள்ளினார்களா, அடித்துத் தூக்கிப் போட்டார்களா, அவளாகவே குதித்தாளா, எண்ணெய் இல்லாமலே வழுக்கி விழுந்தாளா, எதுவென்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுதியது பொய். பொய் எழுத அவசியம் இருந்த வீட்டுக்கு இன்னொரு பெண் வருகிறாள்.

அந்த வாரமே பெண்ணின் அம்மா வீடு பார்க்க வந்தாள். நான் முன்கட்டுக்கு வரக்கூடாது என்பதால் கிணற்றடியில் இருந்தேன். அவள் கால் கழுவ அங்கே வந்தாள். நல்ல உயரம், சத்தமான பேச்சு.

“நீதான் டாக்டருக்குப் படிச்ச பிள்ளையா?”

“டாக்டருக்கு இல்ல அத்தை. மருந்து கலக்கவும் பிள்ளைப்பேறு பாக்கவும்.”

“ரெண்டு வருசமாக்கும்? எங்க ஊரு மருத்துவச்சி ஒரு பரீட்சையும் எழுதாம என் வயித்துலேருந்து நாலையும் எடுத்துப் போட்டுட்டா. பட்டணத்துல என்னத்ததான் சொல்லிக் குடுக்காவளோ.”

“அத்தை, ஒரு விசயம் சொல்லணும்.”

“சொல்லு பிள்ளே.”

“செத்துப்போன மதினிய, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போயி வழுக்கி விழுந்துட்டான்னு எழுதி வச்சிருக்காவ.”

வேறொன்றும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையில் இருந்த செம்பு சாய்ந்தபடி நின்றது. தண்ணீர் அவள் காலில் படாமல் கல்லில் ஓடியது. படித்தவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பார்க்காத பிழையை எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி ஒரு நொடியில் பார்த்ததை நான் பார்த்தேன்.

“சனிக்கிழமையா?” என்றாள்.

“ஆமா.”

“எழுதினது ஆம்பிளையா?”

“ஆமா.”

“அதான்.” சத்தமாகச் சிரித்தாள். “ஆம்பிளைக்குத் தன் கிழமைதான ஞாபகம் இருக்கும்? எங்க வீட்டுல அவுகள்ட்ட நான் என்னைக்குத் தலை முழுகுவேன்னு கேட்டுப் பாரு, முழிப்பாவ.”

சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “இவளுக்குக் கீழ எனக்கு இன்னும் மூணு இருக்கு பிள்ளே. ஒண்ணு நின்னா மத்ததும் நிக்கும். நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல.”

காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அவள் சத்தம் கேட்டது. முற்றம் விசாலமாக இருக்கிறது என்று புகழ்ந்துகொண்டிருந்தாள்.

இனி அப்பா ஒருவர்தான் மிச்சம். மறுநாள் காலையில் ஜாபிதாவை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். நான் இலக்கம் இலக்கமாகப் படித்தேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ என்றார். புளியமரம், ம். திருச்செந்தூர்ச் சாலை, ம். மடை, ம். மதினியின் இலக்கம் வந்தபோது குரலை மாற்றாமல் படித்தேன்.

“ஐப்பசி. சனிக்கிழமை. எண்ணெய் ஸ்நானம். சாட்சி இல்லை. இணைப்பு, தபால் கார்டு ஒன்று. என் கையெழுத்து.”

அப்பா ‘ம்’ சொல்லவில்லை.

“என்ன கிழமன்ன?” என்றார்.

“சனி.” அப்புறம் கேட்டேன்: “பொம்பளை சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பாளாப்பா?”

அண்ணன் எழுந்துவிட்டான். வெற்றிலை மடியிலிருந்து விழுந்தது. “ஏட்டி, என்ன சொல்ல வார நீ?”

“நான் சொல்லல. எழுதிருக்கத படிச்சேன்.”

“ரெண்டு எழுத்து படிச்சுட்டா நீ என்ன துரையா? சோறு போட்ட வீட்டுல...”

“இருலே,” என்றார் அப்பா. “உக்காரு. அவ சரியாத்தான் சொல்லுதா.”

அந்த ஒரு நிமிஷம் அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பரீட்சைத் தாளில் பிழையைக் காட்டினால் பிழை ஒப்புக்கொள்ளப்படும் என்று இரண்டு வருஷம் பழகியிருந்தேன். அப்பா மங்கிய கண்ணை அண்ணன் இருந்த பக்கம் திருப்பினார்.

“கேட்டுக்கோ. நாளைக்கு நீதான் எழுதணும். பொம்பளைச் சாவுன்னா கிழமையைப் பாத்து எழுதணும். வீட்டுல ஒரு பொம்பளைட்ட கேட்டுட்டு எழுதணும். எனக்கு அன்னைக்கு ஓடல. இவ சொன்னா பாரு, அதான் படிப்புங்கது.”

அண்ணன் உட்கார்ந்தான். விழுந்த வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தான்.

“அந்தக் கார்டு கிராமக் காகிதத்துல சேராது,” என்றார் அப்பா என்னிடம், சாதாரணமாக. “ஜாபிதாவுல அத எடுத்துரு. மத்தது இருக்கட்டும். மேலே போனது சனின்னுதான் போயிருக்கு. இங்க மாத்தினா அது பொய்க் கணக்காயிரும்.”

பொய்க் கணக்கு கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். கார்டை எடுத்துவிட்டுச் சுத்தப் பிரதி எழுதினேன். ஆம், எழுதினேன். ஒற்றை எழுத்துக்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்டு, இலக்கமிட்டு. தாசில்தார் எழுத்தைப் பாராட்டியதாக அண்ணன் வந்து சொன்னான். கார்டு என்னிடம் இருக்கிறது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. எனக்கு அதற்கு முந்தின வாரம் உத்தரவு வந்து நான் திருநெல்வேலிக்குப் போய்விட்டேன். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் கழித்து, புது மதினியைப் பார்த்தேன். ஆறு மாதக் கர்ப்பம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. அண்ணன் மாட்டுவண்டியில் கூட்டி வந்து வெளியே ஆண்கள் இருக்கும் இடத்தில் காத்திருந்தான். அவளைச் சோதித்த டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்லி மருந்துச் சீட்டு எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் மருந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். களக்காட்டுக்காரி அம்மாவைப்போலவே உயரம். ஆனால் சத்தம் இல்லை. பைய பேசினாள்.

“வீட்டுல எப்படி இருக்காவ?” என்று கேட்டேன்.

“நல்லா வச்சிருக்காவக்கா. ஒரு குறையும் இல்ல. மாமாதான் ரொம்பக் கவனிப்பு. கண்ணுதான் தெரியாதே தவிர, செவ்வா வெள்ளி தவற விடமாட்டாவ. காலம்பற எந்திரிச்சதும், ‘எண்ணெய் தேச்சாச்சா’ன்னு கேப்பாவ.”

தராசுத் தட்டில் மருந்து அதிகமாக விழுந்தது. மறுபடி நிறுத்தேன்.

“கிணத்துலதான குளிக்க?”

“இல்லக்கா. கிணத்துத் தண்ணி ஆகாதாம். ஆத்துக்குத்தான் போகச் சொல்லுதாவ. படித்துறைக்கு. தேச்சுக்கிட்டுப் போறத நாலு பேரு பாக்கணும், அதான் வீட்டுக்கு லட்சணம்ங்காவ.”

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். மருமகள் குளித்தாளா என்று விசாரிக்கிற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

அப்பா என்ன நினைத்து அதைச் செய்தார் என்று நான் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். பழைய பிழை உறுத்தி, இந்தப் பெண்ணாவது முறையோடு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். கண் தெரியாதவருக்குக் கிழமை ஒரு பிடிமானமாக இருந்திருக்கலாம். அல்லது காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கிறவராக இருந்திருக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் ஊரே பார்க்க எண்ணெய்த் தலையோடு படித்துறைக்குப் போகிற ஒருத்தி என்றைக்கு வழுக்கினாலும் கிழமை சரியாக இருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

டாக்டரம்மாவிடம் போய், இந்தப் பெண்ணுக்கு ஆற்றுக் குளியலும் எண்ணெயும் கூடாது என்று எழுதித்தர வேண்டும் என்றேன்.

“ஏன்?” என்றார்.

“கால் வீக்கம். படித்துறையில் வழுக்கும்.”

அது பொய் இல்லை. அவர் சரி என்றார். நான் மூன்று பிரதி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். ‘எண்ணெய் ஸ்நானம் கூடாது. ஆற்றில், குளத்தில், படித்துறையில் குளித்தல் கூடாது. வீட்டுக்குள் வெந்நீர் மட்டும். மறு உத்தரவு வரும்வரை.’ ஒன்றை ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டோடு கோத்தேன். ஒன்று என் பெட்டிக்கு. மூன்றாவதை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். ரிஜிஸ்தரையும் கொண்டுபோனேன்.

“இதப் படிச்சுப் பாத்துட்டு, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடுண்ணே.”

அவன் படித்தான். முன்சீப் ஆனபிறகு படிப்பதில் அவனுக்கு நிதானம் வந்திருந்தது. இரண்டு தடவை படித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மருந்துக்குக் கையெழுத்து கேப்பாவளா? நான் கேள்விப்பட்டதில்லையே.”

“இங்கன கேப்பாவ.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான்.

“கிழமையும் போடுண்ணே,” என்றேன்.

கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு வியாழன் என்று எழுதினான். எழுத்து இன்னும் கோணல்தான்.

புது மதினிக்குத்தான் வருத்தம். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ரெண்டு நாளும் அத்தைதான்க்கா தலையில எண்ணெய் வச்சுத் தேச்சு விடுவாவ. அந்த ஒரு நாழிதான் சும்மா உக்காந்திருப்பேன். ஆத்துக்குப் போனா நாலு பிள்ளேளோட பேசிட்டு வருவேன். அதையும் எடுத்துட்டியளே.”

“பிள்ளை பொறக்கட்டும்,” என்றேன்.

பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை, நானே எடுத்தேன். இப்போது நடக்கிறான். அவள் வரும்போதெல்லாம் கேட்கிறாள், இனித் தேய்க்கலாமா என்று. பால் கொடுக்கிறாய், சளி பிடிக்கும் என்றேன். பிறகு மூட்டு என்றேன். போன மாதம் ரத்தக் குறைவு என்றேன். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு எழுதி, மூன்று பிரதி எடுத்து, அண்ணனிடம் கிழமையோடு கையெழுத்து வாங்குகிறேன். ஆற்றங்கரை ஊரில், ஆறு ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டு, அவள் வீட்டுக்குள் வெந்நீரில் குளிக்கிறாள். தலைமுடி வறண்டு நுனி பிளந்துவிட்டது. நான் அவளுக்கு வேண்டாதவள் என்று களக்காட்டில் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மறு உத்தரவு நான் இன்னும் கொடுக்கவில்லை.